அசனமும் அன்றாடச் சாப்பாடும்: உணவு ஊழியம் ஓர் எளிய அறிமுகம்

குமரி மாவட்டத்துச் சபைகளில் 'உணவு ஊழியம்' என்று பேச்செடுத்தால் பாதிப்பேர் அசனத்தை, அதாவது வருஷத்தில் ஒருநாள் ஆலயத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடும் விருந்தை, நினைப்பார்கள், மீதிப்பேர் சோற்றுப் பொட்டலத்தை நினைப்பார்கள். இரண்டும் தவறில்லை. 2004 சுனாமி குளச்சலையும் மணக்குடியையும் அடித்துப்போட்ட நாட்களிலும், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் கடற்கரை ஊர்கள் தவித்துக் கிடந்தபோதும், கொரோனா ஊரடங்கிலும் ஆலய வளாகங்களில் அடுப்பு எரிந்தது. பசித்தவர்களுக்குச் சோறு போடுவதில் நம் சபைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் புயலும் பண்டிகையும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அந்த வீடுகளில் என்ன சமைக்கிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடாமலே படுக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் நமக்குப் பதில் தெரியாது. உணவு ஊழியத்தின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது.

அந்த மறுபாதியைப் புரிந்துகொள்ள 'உணவு நடத்தை' என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஒருவர் எதைச் சாப்பிடுகிறார், எவ்வளவு, எந்த நேரத்தில், யாரோடு, எதை ஒதுக்குகிறார், ஏன் ஒதுக்குகிறார் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது. கீரை உடம்புக்கு நல்லது என்று தெரியாத ஆள் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. தெரிந்தும் ஏன் வாரத்தில் ஒரு நாள்கூடக் கீரை சமைப்பதில்லை என்பதற்கு விலை, நேரம், ருசி, வழக்கம், கௌரவம், சில வீடுகளில் துக்கம் என்று பல காரணங்கள் இருக்கும். காரணம் தெரியாமல் 'சத்தான உணவு உண்ணுங்கள்' என்று பிரசங்கிப்பதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வேதாகமம் இதை எப்படிப் பார்க்கிறது? நான்கு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ரூத், வேற்றூரிலிருந்து வந்த ஏழை விதவை. அறுக்கும்போது வயலின் ஓரங்களைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19-ம் அதிகாரம் சொல்கிறது. நாஞ்சில் நாட்டில் அறுப்புக்குப் பின் வயலில் கதிர் பொறுக்கியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். போவாசின் வயலில் ரூத் பொறுக்குகிறாள். அவன் அவளுக்கு மூட்டை கட்டிக் கொடுத்து அனுப்பவில்லை. முதலில் வேலையாட்களோடு உட்காரவைத்து வறுத்த கோதுமை கொடுக்கிறான். அப்புறம் வேலைக்காரரிடம், அவள் பொறுக்கிக்கொள்ளும்படி அரிகளில் சிலதை வேண்டுமென்றே சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறான். வாங்குகிறவளுக்குக் கூச்சம் வராதபடி கொடுக்கத் தெரிந்த மனுஷன்.

இரண்டாவது எலியா தீர்க்கதரிசி. யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் வருகிறான். விசுவாசக் குறைவு என்று கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்க, தூதன் இரண்டாம் முறையும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். மனம் உடைந்தவரைப் பார்க்கப் போகிற ஜெபக்குழுவினர் 1 இராஜாக்கள் 19-ஐ ஒருதரம் படித்துவிட்டுப் போவது நல்லது. யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய இயேசுவும் அடுத்ததாகச் சொன்னது அவளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்பதுதான்.

மூன்றாவது, அப்போஸ்தலர் நடபடிகள் 6. ஆதிச் சபையில் வந்த முதல் பெரிய முறுமுறுப்பு உபதேசம் பற்றியதில்லை, பந்தி பற்றியது. அன்றாட விசாரணையில், அதாவது தினமும் சாப்பாடு பகிர்ந்துகொடுப்பதில், தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று கிரேக்கர் குறைசொன்னார்கள். அப்போஸ்தலர் அதைச் சில்லறைப் பிரச்சினை என்று தள்ளவில்லை. ஞானம் நிறைந்த ஏழுபேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யாருக்குக் கிடைக்கவில்லையோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போனது. நம் ஊரில் நிவாரணப் பட்டியல் யார் எழுதுகிறார்கள், யார் பெயர் விடுபடுகிறது என்று யோசித்துப் பார்த்தால் இந்த அதிகாரம் நேற்று எழுதியது போல இருக்கும்.

நான்காவது கொரிந்து சபை. கர்த்தருடைய பந்திக்கு வந்த இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறியாயிருக்கிறான் என்று பவுல் கோபப்படுகிறார். ஒரே பந்தியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் அசனத்தின் அருமை இந்த இடத்தில் விளங்கும். ஒருகாலத்தில் இந்த மண்ணில் யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்கே சட்டதிட்டம் இருந்தது. 1806-ல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே காலம் தொட்டு வளர்ந்த சபைகளில் ஒரே பந்தி என்பது வயிற்றுக்கு மட்டும் போட்ட சோறாக இருந்திருக்க முடியாது.

ஆரோக்கியம் பேசும்போது இரண்டு பகுதிகளை எல்லோரும் எடுப்பார்கள். ஒன்று, தானியேல் முதலாம் அதிகாரம்: பத்து நாள் பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும். அது ராஜபோஜனத்தினால் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்ள மாட்டேன் என்ற வைராக்கியத்தின் கதை. அதை எடை குறைக்கும் அட்டவணையாக்கி விற்பவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை. இன்னொன்று, உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்ற வசனம். பவுல் அதை எழுதியது வேசித்தனத்துக்கு விலகி ஓடுங்கள் என்று சொல்லும் இடத்தில். உடம்பைப் பேண வேண்டும் என்ற பொருள் அதிலிருந்து எடுக்கலாம்தான்; ஆனால் பருமனாக இருக்கும் ஒரு அக்காவைச் சபை நடுவே கூசவைக்க அந்த வசனத்தை எடுப்பவர்கள், சாப்பாட்டை வைத்து ஒருவரையொருவர் குற்றவாளியென்று தீர்க்காதீர்கள் என்கிற ரோமர் 14-ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

நம் இலையில் என்ன இருக்கிறது

குமரி மாவட்டத்துச் சாப்பாட்டை எடுத்தால் உணவு நடத்தையின் பாதிப் பாடம் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கிலேயே கிடைத்துவிடும். இந்தக் கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்தில் அரிசிக்கு மாற்றாக இதைப் பரப்ப ஊக்கம் கொடுத்தார். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோக, கிழங்குதான் வயிற்றைக் காத்தது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்னும் 'கிழங்கு தின்னு வளர்ந்தோம்' என்று சொல்வதில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் கூச்சமும் கலந்திருக்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கிழங்கை எடுத்து மறைத்துவைத்த காலமும் இருந்தது. இப்போது நட்சத்திர ஓட்டலில் அதே கிழங்கும் மீன்கறியும் நல்ல விலைக்குப் போகிறது, அது வேறு கதை.

சத்துக் கணக்கில் பார்த்தால் மரச்சீனி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் ஒன்றரை கிராம் புரதம்கூட இருக்காது. ஆனால் அதோடு சாளைக்கறி (மத்தி மீன் குழம்பு) வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அங்கே நம் பாட்டிமார் கணக்கு வெகு சரியாக இருந்தது. 100 கிராம் சாளையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு, இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. முள்ளோடு மென்றால் கால்சியமும் சேரும். கிழங்கில் இயற்கையாக உள்ள சயனைடு தரும் பொருளில் பெரும்பகுதி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து ஊற்றிவிடும்போது போய்விடுகிறது. மிச்சமிருப்பதை உடம்பு கழிப்பதற்குக் கந்தகம் உள்ள புரதச் சத்து வேண்டும். மீன் அதையும் கொடுக்கிறது. இதேபோல் சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும். அரிசியில் குறைகிற அமினோ அமிலம் பயறில் இருக்கிறது, பயறில் குறைவது அரிசியில் இருக்கிறது.

இவ்வளவு நல்ல சேர்க்கைகள் கையில் இருந்தும் என்ன ஆனது? கஞ்சி ஏழைச் சாப்பாடு ஆகிவிட்டது. வெள்ளைச் சோறு இலையில் மலைபோல் ஏறி, துவரன் (தேங்காய் போட்ட காய்ப் பொரியல்) ஓரத்தில் ஒரு சிட்டிகையாகச் சுருங்கியது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் காய், கீரை, கிழங்கு, பழம் எல்லாம் சேர்ந்து தட்டில் பாதி இருக்க வேண்டும் என்கிறது. நம் இலையைப் பார்த்து நாமே சொல்லிக்கொள்ளலாம். சாயங்காலம் சாயாவோடு பழம்பொரியோ கடை பிஸ்கெட்டோ, ராத்திரி புரோட்டா என்று போகிற வீட்டில் சர்க்கரை வியாதி வருவதில் ஆச்சரியமில்லை. உப்பு ஒருநாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் ஒரே வேளையில் இலைக்கு வந்தால் அதிலேயே பெரும்பகுதி போய்விடும். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இன்னொன்று: சாப்பாட்டோடு குடிக்கும் சாயா, பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், சாயாவை விடச் சொல்லி யாரையும் வதைக்க வேண்டாம்.

தொழிலும் வாயைத் தீர்மானிக்கிறது. ரப்பர் வெட்டப் போகிறவர் விடியும் முன்னே வெறுங்கட்டன்சாயா குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு ஏறினால் முதல் சாப்பாடு எப்போது என்று அவருக்கே தெரியாது. மீன் விற்கத் தலைச்சுமையோடு கிளம்பும் கடற்கரைப் பெண், நல்ல மீனை விற்றுவிட்டு விலைபோகாததை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். இவர்களிடம் 'காலை உணவைத் தவிர்க்காதீர்கள்' என்று சொல்வதைவிட, அந்த நேரத்தில் அந்த வழியில் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே ஊழியம். நம் ஊர்ச் சிறிய வாழைப்பழமான மட்டிப்பழம் கையில் எடுத்துப் போகலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது, குழந்தைக்கும் பிசைந்து கொடுப்போம். இரண்டு மட்டியும் அவித்த ஒரு முட்டையும் இருந்தால் மத்தியானம்வரை தாங்கும்.

ஆனால் இந்த மாவட்டத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது பணமில்லாத வீடு இல்லை. பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, மாடிவீட்டில் தனியாக இருக்கும் பாட்டிகளும் தாத்தாக்களும்தான். மாதாமாதம் பணம் வருகிறது, குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. போய்ப் பார்த்தால் நேற்று வடித்த சோறும் ஒரு துண்டு ஊறுகாயும். ஏன் பாட்டி என்று கேட்டால், "எனக்கு ஒருத்திக்கு என்னத்துக்கு மக்களே கறி" என்பார். இவருக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று தெரியும். வாங்கப் பணமும் உண்டு. கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை, அதனால் சமைக்க மனம் வருவதில்லை. பல் போனது, கண் மங்கியது, மாத்திரையால் வாய் கசப்பது எல்லாம் இதோடு சேரும். வயதானவர்களுக்குப் புரதம் குறைந்தால் தசை கரையும். தசை கரைந்தால் வழுக்கி விழுவார்கள், விழுந்தால் இடுப்பு முறியும். அப்புறம் ஆஸ்பத்திரி. நிவாரணப் பட்டியல் எதிலும் இந்தப் பாட்டியின் பெயர் வராது, ஏனென்றால் அவர் ஏழை இல்லை.

இவருக்கு அரிசி மூட்டை கொடுத்து என்ன பயன்? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருந்தோ, கத்தோலிக்கர் தெருவாரியாகக் கூடும் அன்பியத்தில் இருந்தோ ஒருவர் வாரம் ஒருமுறை தன் வீட்டுக் குழம்போடு போய் அவரோடே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் அது உணவு ஊழியம். போகும்போது சாப்பிட முடிகிறதா, எடை குறைந்திருக்கிறதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கண்ணில் படும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஒன்றையும் கூட்டிப்போனால் பாட்டி இரண்டு உருண்டை கூடச் சாப்பிடுவார், இது நிச்சயம்.

எங்கே மாற்றலாம், எங்கே விட்டுவிடலாம்

ஆர்வம் வந்த சபைகள் முதலில் கைவைப்பது அசனத்தில்தான். பாயசத்தை நிறுத்து, இறைச்சியைக் குறை என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வருஷத்தில் ஒருநாள் விருந்தால் யாருக்கும் வியாதி வராது; விருந்து விருந்தாகவே இருக்கட்டும். கானாவூரில் தண்ணீரைத் திராட்சரசமாக்கியவரின் பெயரால் கூடுகிறோம். மாற்ற வேண்டியது அடிக்கடி நடப்பதை. ஆராதனை முடிந்ததும் கொடுக்கும் இனிப்புச் சாயா, கமிட்டிக் கூட்டத்து மிக்ஸர், விடுமுறை வேதாகமப் பள்ளியில் தினமும் கொடுக்கும் க்ரீம் பிஸ்கெட்டும் பாக்கெட் பானமும். இவற்றுக்குப் பதில் அவித்த ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்), சுண்டல், மோர், கருப்பட்டி அளவாகப் போட்ட சுக்குக் காப்பி வைக்கலாம். கருப்பட்டியும் சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரைதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதை மருந்து என்று நம்புகிறவர்கள் ஏராளம். சர்க்கரை போடாத சாயா ஒரு கெட்டிலில் தனியாக இருந்தாலே பலர் கேட்டு வாங்குவார்கள். இல்லாதபோது கேட்கக் கூச்சப்பட்டு இனிப்பையே குடித்துவிடுகிறார்கள்.

உபவாச ஜெபத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தை எடுத்துக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஜெபக்கூட்டத்தில் இப்படி ஒருவர் துவண்டால் அதை ஆவிக்குரிய அனுபவம் என்று எண்ணி நேரம் கடத்தாமல் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும், நினைவில்லாதவர் வாயில் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை ஒருசந்தி என்னும் நோன்புக் கடமையை 18 வயது முடிந்தவர்களுக்கு வைத்து, 60-ம் வயது தொடங்கியதும் விலக்கிவிடுகிறது. நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. மற்ற பல சபைகளில் இப்படி எழுதிய விதி இல்லாததால் போதகரே பீடத்திலிருந்து சொன்னால்தான் எடுபடும்: மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம், கர்த்தர் கோபிக்க மாட்டார் என்று. ஏசாயா 58-ல் கர்த்தர் விரும்பும் உபவாசம் பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பது. அதைச் சர்க்கரை வியாதிக்காரரும் செய்யலாம். புனித வெள்ளிக்குப் பல ஆலயங்களில் கொடுக்கும் கஞ்சியும் பயறும் இந்தக் கணக்கில் பார்த்தால் மிக நல்ல உணவு.

தொடங்க நினைக்கும் சபைக்குப் பணம் பெரிய தடை இல்லை. பிடி அரிசி என்ற வழக்கம் நம்மிடம் முன்பே இருக்கிறது: உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து வாரக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவருவது. அரிசி இப்போது ரேஷனில் கிடைத்துவிடுவதால் அதையே பிடி பயறு, ஒரு முட்டை, தோட்டத்தில் காய்த்த முருங்கைக்காய் என்று மாற்றிக்கொள்ளலாம். அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு வரும் சக்கை (பலாப்பழம்), தேங்காய், வாழைக்குலை எல்லாம் பெருமைக்காக விலை ஏறும். ஏலம் எடுத்தவரே அதை வாங்க முடியாத வீடொன்றுக்கு அனுப்பினால் ஆலயத்துக்குக் காணிக்கையும் ஆயிற்று, அந்த வீட்டுக்குக் கறியும் ஆயிற்று. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ நெய்யூர் ஆஸ்பத்திரியிலோ நோயாளிக்குத் துணை இருப்பவர்கள் பன்னும் சாயாவுமாக நாட்களை ஓட்டுவார்கள். அவர்களுக்கு ஒரு வேளைச் சோறு பெரிய உதவி. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதும், கர்ப்பிணியை அங்கன்வாடியில் பதியவைப்பதும்கூட இந்த ஊழியத்தில்தான் சேரும்.

கொடுக்கிற இடத்தில் நிபந்தனை கூடாது. பக்கத்து வீட்டு இந்துவுக்கும் இஸ்லாமியருக்கும் அதே சோறுதான். சாப்பிட்டு முடித்ததும் ஜெபக்கூட்டத்துக்கு வரச்சொல்லித் துண்டுச்சீட்டு நீட்டினால் வாங்கினவருக்கு அந்தச் சோறு தொண்டையில் நிற்கும். அப்பம் புசித்துத் திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசு ஜனங்களிடம் பிற்பாடு சொன்னார். ஆனால் அது தெரிந்திருந்தும் முந்தின நாள் அவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. போட்டோவும் வேண்டாம். வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்று வாசித்துவிட்டு, வாங்குகிறவர் முகத்தை வாட்ஸ்அப்பில் போடுவது நன்றாக இல்லை.

கடைசியாகப் பாத்திரக் கணக்கு. சமைத்த சோறு நம் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. ஆகவே பொட்டலம் கட்டுகிற நேரத்தைக் கொடுக்கிற நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்: பன்னிரண்டரைக்குக் கொடுப்பதென்றால் பதினொன்றரைக்கு வடித்தால் போதும், காலை எட்டு மணிக்கு வேண்டாம். தேங்காய் அரைத்த குழம்பு சீக்கிரம் ஊசிப்போகும். பொட்டலத்துக்குப் பருப்பு, புளிக்குழம்பு, முட்டை உசிதம். பரிமாறினவர் கை கழுவினாரா, தண்ணீர் கொதிக்கவைத்ததா, மீன் அன்றைக்கு வாங்கியதா என்று பார்க்க ஒருவரைத் தனியாக நியமித்துவிடுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.